கருவி கண் மூடும் நேரம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், வாண்டு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? என் மகள் வாண்டு இருமாமல் தூங்குகிறாளா? இருமினால் உனக்குக் கேட்காது. அதனால் படுக்கப் போகும்போது அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார். மூச்சு இழுக்கிறதா இல்லையா என்று கையே சொல்லிவிடும்.

போனில் பேசினால் உனக்குக் கேட்காது என்பதில் எனக்கு ஒரு லாபம் உண்டு. கோபத்தை எழுத்தில் கொட்டலாம், நடுவில் யாரும் "சரி விடு" என்று சொல்ல முடியாது.

கேப்டன் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். கப்பலில் ஒருநாள்கூட வேலை செய்யாமல், கப்பல்களுக்கு ஏஜென்ட் வேலை பார்த்துக்கொண்டே கேப்டன் என்று பெயர் வாங்கியவன். விவாகரத்து ஆகி இரண்டு வருஷம் மகளைப் பற்றி வாய் திறக்காதவன், இப்போது அவளைத் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறான். காரணம் என்ன தெரியுமா? துறைமுகக் காற்று கெட்டுப்போயிருக்கிறது என்று பொய் சொல்லி, பெற்ற பெண்ணை அக்கா வீட்டில் தள்ளிவிட்டேனாம். ஆதாரமாக அவன் கொடுத்திருப்பது துறைமுகத்தில் நான் நடத்தும் காற்று அளவு நிலையத்தின் எண்கள். என் கையெழுத்துப் போட்டு நான் வெளியிட்டவை. வருஷம் முழுக்கக் காற்று நல்ல காற்று என்று அவை சொல்கின்றன.

கோர்ட் வராந்தாவில் ஒரு தூணடியில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு எதுக்கு இப்போ பொண்ணு?" என்றேன்.

"நீ காத்தப் பத்திப் பேசறத நிறுத்து. நான் பொண்ணப் பத்திப் பேசறத நிறுத்தறேன்" என்றான். சிரித்த முகம். அந்தச் சிரிப்பை எனக்குத்தான் தெரியும்.

நான் சுவாசித்ததும் அவள் இருமியதும் பொய் இல்லை. அப்படியானால் என் எண்கள்தான் பொய். அது எப்படி என்று கண்டுபிடிக்கப்போகிறேன், அக்கா. கண்டுபிடித்து அவனை அழவைக்கப்போகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஜனவரி 21

பாப்பாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலிதான், அது எல்லோரையும்விட எனக்கு விசுவாசமாக இருக்கிறது. நீ சொன்னபடி வாண்டுவின் முதுகில் கை வைத்துப் பார்க்கிறேன். "பெரியம்மா, நான் என்ன கழுதையா, தட்டிப் பாக்கறீங்க" என்று திட்டுகிறாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மூச்சு சீராக இருக்கிறது. இங்கே வந்த பிறகு மருந்துக் குழாயை மூன்று தடவைதான் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் பேர் கொடுத்திருக்கிறாள். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, ஓடி முடிக்கட்டும்.

அத்தானுக்கு வேலை இடுப்பை முறிக்கிறது. பழைய எஞ்சின் எண்ணெயைப் பட்டறை பட்டறையாக வாங்கிக் காய்ச்சி, செங்கல் சூளைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தாரல்லவா, இப்போது இரண்டாவது லாரியும் வாங்கிவிட்டார். வீடெல்லாம் அந்த நாற்றம். துவைத்தாலும் சட்டையை விட்டுப் போவதில்லை.

கேப்டன் விஷயமாக நான் ஒன்றும் எழுதவில்லை. நீ படித்தவள், உனக்குத் தெரியாததா. கோபத்தில் சாப்பாட்டை விட்டுவிடாதே. என்ன சமைத்தாய் என்று எழுது.

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வாண்டு ஓடினாளா?

கண்டுபிடித்துவிட்டேன். முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ் கேன்டீனை இடித்துக் கட்டுகிறார்கள். அதனால் மாடி பால்கனியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். போன வாரம் டப்பா மூடியை வெள்ளையாகக் கழுவி வெயிலில் வைத்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் அதில் மிளகுத்தூள் தூவினதுபோல் கரி. என்னோடு வேலை பார்க்கும் டெக்னீஷியன் பெண் எட்டிப் பார்த்து, "மேடம், நம்ம மெஷினுக்குக் கண்ணு தெரியல போலருக்கு, உங்க டப்பா மூடிக்குத் தெரியுது" என்றாள்.

கரி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். தார் ஏற்றி வரும் கப்பல் நிற்கும் துறையிலிருந்து. தார் ஆறினால் கல்லாகிவிடும், அதனால் கப்பல் கரையில் நிற்கும்போதும் தினம் ஒருமுறை கொதிகலனை எரித்துச் சூடேற்ற வேண்டும். துறைமுகத்துக்குள் கந்தகம் குறைந்த சுத்தமான எண்ணெயைத்தான் எரிக்கலாம் என்பது சட்டம். அப்படி எரித்தால் இப்படிக் கரி கொட்டாது. மதியம் கொட்டுகிறது. மற்ற நேரத்தில் கப்பல் சாதுவாக நிற்கிறது.

மதியம்தான் ஏன்? இதைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள். எங்கள் கருவி தினம் ஒரு தடவை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். அந்தச் சமயம் வெளிக்காற்றை இழுக்காது. சிலிண்டரில் இருக்கும் சுத்தக் காற்றையும் அளவு தெரிந்த வாயுவையும் இழுத்துப் பார்த்து, தன் கணக்கு சரியா என்று பார்த்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு ஜபம் செய்வதுபோல. முடிகிறவரை வெளியே ஊரே எரிந்தாலும் அதற்குத் தெரியாது. அந்த நேரத்தை மதியச் சாப்பாட்டு வேளையில் வைத்தவள் நான். எனக்கு அப்போது வேலை இல்லை என்பதால்.

அந்த வேளையில் தினமும் என்னைச் சாப்பிடக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்றவன் யார்? கேப்டன். அந்தத் தார்க் கப்பலின் ஏஜென்ட். ஆறு வருஷம். மனைவிமேல் எவ்வளவு பிரியம் என்று ஆபீஸே கண் வைத்தது. நானும் பூரித்துப்போய்த் தலைவாரிக்கொண்டு கிளம்புவேன். அவன் எனக்காக வரவில்லை, அக்கா. கருவி எப்போது கண்ணை மூடுகிறது என்று என் பசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதை நினைத்து அழவில்லை. நேரத்தை மாற்றி வைத்துவிட்டேன். டெக்னீஷியனுக்குக்கூடத் தெரியாது. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். இனி மதியம் அவன் கப்பல் புகையட்டும், கருவி விழித்துக்கொண்டு பார்க்கும். ஜூன் முதல் வாரத்தில் வழக்கு. அதற்குள் அவன் ஏஜென்ட் லைசென்ஸைப் பிடுங்கிக் கையில் கொடுக்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லையே, உடம்புக்கு ஒன்றுமில்லையே? அத்தானும் வாண்டுவும் நலமா?

இங்கே ஒரு விசித்திரம். நான் நேரத்தை மாற்றி உனக்கு எழுதிய பிறகு நாலு நாள் மதியப் புகை இருந்தது. காற்று அன்றெல்லாம் கடலைப் பார்த்து அடித்ததால் கருவிக்கு வந்து சேரவில்லை. அடுத்த வாரம் காற்று திரும்பிவிடும், மாட்டிக்கொள்வான் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாளிலிருந்து புகையே இல்லை. மதியமும் இல்லை, வேறெப்போதும் இல்லை. கப்பல் சந்நியாசிபோல நிற்கிறது. சுத்தமான எண்ணெயை எரிக்கிறான். செலவு கையைக் கடிக்கும், ஆனாலும் எரிக்கிறான். எதற்கோ காத்திருக்கிறான்.

ஆபீசில் யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை யோசித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியாது.

எழுது.

உன் தங்கை

மார்ச் 15

பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். வாண்டு ஓடினாள். கடைசியில் வரவில்லை, கடைசிக்கு முந்தி.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கவலையாக இருக்கிறது. கருவியின் நேரத்தை மாற்றிய பிறகு உன் சாப்பாட்டு வேளையும் மாறியிருக்குமே. இப்போது எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய்? மறக்காமல் மணியைக் குறிப்பிட்டு எழுது. உடனே எழுது.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் மிகவும் நலம். என்மேல் இவ்வளவு அக்கறை எடுத்துக் கேட்டதற்குச் சந்தோஷம்.

இப்போது மாலை நாலு மணிக்குத்தான் சாப்பிடுகிறேன். கருவி அப்போதுதான் கண்ணை மூடுகிறது, ஐந்தரைக்கு விழிக்கும். வயிறு பழகிவிட்டது. அத்தானிடம் என் வணக்கத்தைச் சொல். வாண்டுவுக்கு முத்தம்.

உன் தங்கை

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை.

நான் கருவியை விடியற்காலைக்கு மாற்றியிருந்தேன். நாலு மணி என்று எழுதியது உனக்காக மட்டும் தயாரித்த பொய். உலகத்தில் வேறு எந்தக் காதிலும் அந்த நாலு மணி விழவில்லை. என் கடிதம் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்த வாரத்திலேயே தார்க் கப்பல் மாலை நாலு மணிக்குப் புகைய ஆரம்பித்தது.

மூன்று நாள் விட்டுவைத்தேன். கருவி கண்ணைத் திறந்துகொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. கந்தகம் இருக்கவேண்டிய அளவுக்கு எத்தனையோ மடங்கு. நாலாவது நாள் துறைமுக இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு, கையில் எடுத்துப் போகிற சின்னக் கருவியோடு கப்பலடியில் போய் நின்றேன். கப்பலின் புகைக்கூண்டிலிருந்து புகை கறுப்பாகக் கிளம்பிற்று. இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையா மேடம் இத்தன வருஷம் நல்ல காத்துன்னு போட்டீங்க?" என்றார். நியாயமான கேள்வி. மேலே ஏறிக் கொதிகலன் தொட்டியிலிருந்து எண்ணெய் எடுத்தோம். பாட்டிலைத் திறந்ததும் எனக்கு உன் வீட்டு ஞாபகம் வந்தது. துவைத்தாலும் போகாத அந்த நாற்றம். ஆய்வுக்கூடத்திலும் அதையே சொன்னார்கள், பழைய எஞ்சின் எண்ணெய். இறக்கிய லாரி யாருடையது என்று கப்பலின் ரசீதிலேயே இருந்தது. அத்தானுடையது.

சூளைக்கு விற்கிறார் என்று எழுதினாயே அக்கா. அத்தானின் எண்ணெய் என் மகளின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. அவளை அந்தப் புகையிலிருந்து காப்பாற்ற என்று நான் கொண்டுவந்து விட்டது, எண்ணெய் காய்ச்சுகிறவன் வீட்டிலேயே. முதுகைத் தடவிக்கொண்டே விலை பேசியிருக்கிறீர்கள். கேப்டன் செய்ததையாவது நான் புரிந்துகொள்வேன், அவன் அந்நியன்.

அறிக்கையில் அத்தான் பெயர் வரும். உன் முகத்துக்காக ஓர் எழுத்தைக்கூட அழிக்கமாட்டேன். மாதக் கடைசியில் வந்து வாண்டுவை அழைத்துப்போகிறேன். நீ வாசலுக்கு வரவேண்டாம்.

ஏப்ரல் 20

பாப்பாவுக்கு,

நான் சுகம். வாண்டு சுகம். இந்தக் கடிதத்தை அவள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பெட்டியில் போடுவாள். இதுவரை என் கடிதங்களைப் போட்டவர் அத்தான். உன் கடிதங்களை எனக்கு முன்னால் பிரித்துப் படித்தவரும் அவர்தான். உறையை ஆவியில் காட்டித் திறந்து, திரும்ப ஒட்டிவிடுவார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பேன். உன் கடைசிக் கடிதத்தையும் அவர்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு லாரியை விற்க ஆள் தேடிப் போய்விட்டார்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எனக்குக் காது கேட்கிறது. முழுதாக இல்லை, மெஷின் வைத்தால். பேட்டரி தீர்ந்தபோது, "இந்த வயசுல நீ என்ன கச்சேரியா கேக்கப்போற" என்று அவர் வாங்கித் தரவில்லை. மெஷின் இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். வாண்டு வந்த புதிதில் அலமாரியில் அதைக் கண்டெடுத்து, தானே பேட்டரி வாங்கி வந்து மாட்டிவிட்டாள். முடிக்குள் மறைந்துவிடும். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்த ஒருவரிடம் என்னைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. அதை எழுதமாட்டேன். அதற்கப்புறம்தான் கேட்கிறது என்று யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவுசெய்தேன். உன் மகள் இருமுவதும் எனக்குக் கேட்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் நன்றாகத் தூங்குகிறாள்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த மறுநாள் கேப்டன் இங்கே வந்தான். கூடத்தில் என் முன்னாலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"உங்க மச்சினி நேரத்த மாத்திட்டா. புது நேரம் தெரியற வரைக்கும் நல்ல எண்ணெயத்தான் ஊத்தணும். எனக்கு நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம்" என்றான் அவன்.

"இவளை விட்டுக் கேக்கச் சொன்னாப் போச்சு" என்றார் இவர்.

"அவங்களுக்குச் சந்தேகம் வராதா?"

"இவளுக்கா? பக்கத்துல டிரம் உருண்டாலும் திரும்பமாட்டா. தூண்கிட்ட பேசற மாதிரிதான், நீ தைரியமாப் பேசு."

கேப்டன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். "இன்னொரு டீ தரட்டுமா?" என்று கேட்டேன். பிறகு இவர் வாண்டுவைப் பற்றிக் கேட்டார். "எனக்கெதுக்குப் பொண்ணு? உங்க மச்சினி வாய மூடினதும் ஏதாவது ஹாஸ்டல்ல போட்டுடுவேன்" என்றான். வாண்டு அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். இதுவரை நாங்கள் இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான் அந்த மார்ச் கடிதம். எழுதமாட்டேன் என்றிருந்தால் வேறு வழி தேடியிருப்பார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன், எத்தனை மணிக்கு என்று என்றைக்காவது கேட்டதுண்டா? உனக்கு உறைக்கும் என்று தெரியும். நாலு மணி என்று நீ எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் தாண்டினால் ஊரைக் கூட்டுகிறவள் நீ, நாலு மணிவரை தாங்குவாயா? சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிதத்தை அவரிடம் நீட்டினேன்.

வாண்டு மூலம் உனக்கு முன்பே ரகசியமாக எழுதியிருக்கலாம். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ போய்ச் சண்டை போட்டிருப்பாய், அவர்கள் உஷாராகித் தப்பித்திருப்பார்கள். எனக்கு அவர்கள் நிறுத்துவது போதாது. பிடிபட வேண்டும்.

நீ எழுதியவை வலித்தன. இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் உன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கேவலமாக எழுதியிருப்பேன். அறிக்கையில் அவர் பெயரை இனிஷியலோடு, அப்பா பெயரோடு, முழுசாகப் போடு. அந்தப் பெயரில் ஊரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், பாவம், அவர்கள்மேல் விழக்கூடாது.

மாதக் கடைசியில் வரவேண்டாம். பரீட்சை முடியட்டும். இனிமேல் வாண்டுவின் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது.

அக்கா

ஜூன் 5

என் அக்காவுக்கு,

நலமா? சாப்பிடுகிறாயா? பட்டினி கிடக்காதே, அந்த வேலையை இனி மற்றவர்கள் பார்ப்பார்கள்.

மன்னிப்புக் கேட்டால் "போடி" என்பாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

வழக்கு தள்ளுபடி. அவன் கொடுத்த எண்களுக்குப் பக்கத்தில், என் வக்கீல் ஏப்ரல் எண்களையும் கப்பலில் எடுத்த எண்ணெயின் முடிவையும் வைத்தார். முந்தைய எண்களெல்லாம் கருவி கண் மூடியிருந்த வேளையைத் தவிர்த்த எண்கள் என்று நானே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னேன். என் வாயாலேயே என் வேலையைக் குறை சொல்லவேண்டியிருந்தது. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அதனால் கசக்கவில்லை. மகள் எங்கே இருக்கவேண்டும் என்பதை நானும் அவளும் முடிவுசெய்துகொள்ளலாம்.

அவன் லைசென்ஸ் போயிற்று. தார்க் கப்பலுக்கு அபராதம் கட்டும்வரை கரையை விட்டு நகர அனுமதி இல்லை. அத்தானுக்கு நோட்டீஸ் வந்துகொண்டிருக்கிறது, முழுப் பெயரோடு. துறைமுகத்தில் இரண்டாவது கருவி வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று கண் மூடினால் இன்னொன்று விழித்திருக்கும். கரையில் நிற்கும் கப்பல்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்தே மின்சாரம் எடுக்கும்படி கம்பி இழுக்கப் போகிறார்கள். எல்லாம் உடனே நடக்கும் என்று நான் நம்பவில்லை. நடக்கிறவரை அவர்களைத் தூங்கவிடமாட்டேன்.

கோர்ட் வராந்தாவில், முன்பு நின்ற அதே தூணடியில் அவன் தனியாக நின்றான். முகம் வற்றியிருந்தது. மதியம் ஆகிவிட்டிருந்தது.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன்.

அவன் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டான். நான் எதிர்க்கடைக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். பழி தீர்ப்பது மனசைக் காலியாக்கிவிடும் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. கைகழுவும்போது பாட்டுக்கூட வந்தது. படித்தவள் இதையெல்லாம் எழுதக்கூடாது, உன்னிடம் எழுதாமல் வேறு யாரிடம் எழுத?

ஆனால் ஒரு பயம். நோட்டீஸ் வந்ததும் அத்தான் உன்மேல் பாய்வார். வாண்டுவை அங்கே வைத்திருக்க விடமாட்டார். இருவரும் கிளம்பி வந்துவிடுங்கள். காற்று இங்கே இன்னும் சுத்தமாகவில்லைதான். கடலை விட்டுத் தள்ளி வீடு பார்க்கிறேன்.

உன் தங்கை

ஜூன் 17

பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். "எல்லோரும்" என்றால் இப்போது நானும் வாண்டுவும்.

வீடு பார்க்காதே. இந்த வீடு அப்பா எனக்குக் கொடுத்தது, என் பெயரில் இருக்கிறது. உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவர்தான் மறந்துபோயிருந்தார்.

நோட்டீஸ் முந்தாநாள் வந்தது. படித்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார். அந்தப் பெண் இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது என்றார். உன் குடும்பமே பாம்புப் புற்று என்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தோளைத் தட்டித் திருப்பி, முகத்துக்கு நேரே நின்று கத்தினார்.

"எனக்குக் கேக்கலைங்க" என்றேன்.

மறுபடி முதலிலிருந்து கத்தினார். எனக்குக் கேட்கவில்லை என்று மறுபடியும் சொன்னேன். வாண்டு கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது தடவை அவருக்குக் குரல் கம்மிவிட்டது. அப்போது ஒரு காகிதத்தில், "வாண்டு இங்கேதான் இருப்பாள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் போகலாம்" என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். படித்தார். என்னைப் பார்த்தார். திருமணமான நாளிலிருந்து இப்படி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பெட்டியில் துணி அடுக்கினார். நான் தடுப்பேன் என்று மெதுவாகத்தான் அடுக்கினார். ஒரே சட்டையை இரண்டு தடவை மடித்தார். நான் வெங்காயத்தை முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

வாசற்படி இறங்கியவர், தெருவைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல, மிகவும் தாழ்ந்த குரலில், "போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லேன்" என்றார்.

நன்றாகக் கேட்டது. கதவைச் சாத்தினேன்.

அக்கா